வில்லியின் வெற்றிலை

ஐப்பசி 2

பேனா கிடைத்துவிட்டது, மைக்கூடும் கிடைத்துவிட்டது. அமிர்தவல்லி நாச்சியாரின் மேசையில் எழுதாத நோட்டு ஒன்று இருந்தது. இனி அது என்னுடையது. மேசையும், மேசை கிடக்கும் அறையும், கண்ணாடியில் தெரியும் இந்தக் கூர்மூக்கும்கூட என்னுடையவைதானாம்.

பைத்தியம் பிடிக்காமல் இருப்பதற்காக எழுதுகிறேன். என் பெயர் ஹேமப்ரியா. பல்லாவரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடும் வேலை. தண்டவாளத்தைக் கடக்கும்போது போனைப் பார்க்காதே என்று ஊரெல்லாம் போர்டு வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தேன். போனில் ஓடிக்கொண்டிருந்தது 'மஞ்சள் மாளிகை மணாளன்'. அது ஒரு காதல் விளையாட்டு. படம் வரும், கீழே வசனம் வரும், நடுநடுவே 'என்ன பதில் சொல்வாய்?' என்று கேட்கும். நாம் ஒன்றைத் தொட்டால் கதை அந்தப் பக்கம் திரும்பும். கண் விழித்தபோது அந்த விளையாட்டுக்குள் கிடந்தேன். செத்த பிறகு இப்படிக் கதைக்குள் போய்ப் பிறக்கிறவர்களைப் பற்றி நானும் ஏகப்பட்டது படித்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் நாயகியாகப் பிறக்கிறார்கள். எனக்கு வாய்த்தது வில்லி.

இது சிங்காரக்கோட்டை சமஸ்தானம். மோட்டார் கார் இருக்கிறது, கரண்ட் இல்லை. ராஜா காலமாகிவிட்டார், ராணிதான் ஆள்கிறார். அவர் மகன் இந்திரஜித் துரை, கதாநாயகன். அவர் காதலிக்கும் செண்பகம், கோயிலுக்குப் பூக்கட்டும் வீட்டுப் பெண், நாயகி. அவருடைய மாமன் மகள், முறைப்பெண், அப்பா அம்மா இல்லாதவள், திமிர் பிடித்தவள், அமிர்தவல்லி. நிச்சயதார்த்தத்தன்று செண்பகத்துக்கு விஷம் வைப்பாள். பிடிபடுவாள். கருமலைச் சிறைக்குப் போவாள். பிறகு திரை கறுத்து ஒரே ஒரு வரி வரும்: 'அமிர்தவல்லி சிறையிலேயே மாண்டாள்.'

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் வாயைத் திறந்தாலே ஓரத்தில் இருக்கும் இரட்டை அம்புப் பொத்தானை அழுத்தித் தள்ளிவிடுவேன். வில்லி புலம்புவதை யார் உட்கார்ந்து படிப்பது? துரை வரும் காட்சிகள் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம். அவள் வரும் காட்சிகளில் படம் மட்டும் சரசரவென்று ஓடிப் போகும்.

ஆகவே திட்டம் எளிது. செண்பகத்திடம் நல்லபடியாக நடந்துகொள்வது. விஷம் இருக்கும் திசைக்கே போகாதது. துரையை விட்டுக் கொடுத்துவிடுவது.

தலை அரிக்கிறதே என்று கையைத் தூக்கினேன். பக்கத்தில் நின்ற பணிப்பெண் பொன்னுத்தாயி முகத்தை மறைத்துக்கொண்டு ஒதுங்கினாள். இந்த மகராசி எத்தனை அடி அடித்திருப்பாளோ, பாவி.

ஐப்பசி 4

பல் தேய்க்க ஆலங்குச்சி. ஈறெல்லாம் ரத்தம். வில்லிகள் ஏன் எப்போதும் கோபமாக இருக்கிறார்கள் என்று இப்போது புரிகிறது.

ஐப்பசி 7

இன்று அவரைப் பார்த்தேன். இதற்கென்று ஒரு பக்கம் வீணாக்கத் தேவையில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

லாயத்துப் பக்கம் குதிரைக்குக் கொள்ளு வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். விளையாட்டில் படம் போட்டவன் குறைத்துத்தான் போட்டிருக்கிறான். சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழுகிறது. "அமிர்தம்" என்று கூப்பிட்டார். செண்பகத்தைக் கூப்பிடும்போது அந்தக் குரல் தணிந்து குழையும், விளையாட்டில் கேட்டிருக்கிறேன். என்னைக் கூப்பிட்டது சாதாரணக் குரல்தான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

"மேலக்கோட்டை மடையப் பத்தி யோசிச்சியா?"

"எந்த மடை அத்தான்?"

என்னை உற்றுப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. ஒனக்கு ஒடம்புக்குச் சொகமில்லன்னு சொன்னாக. வெயில்ல நிக்காத, உள்ள போ."

எவ்வளவு அக்கறை பாருங்கள்.

அவருடைய பேர்போன காட்சியை எழுதி வைக்கிறேன், மறந்துவிடக் கூடாது. விஷம் ஏறிச் செண்பகம் சபை நடுவே சரிவாள். தலை தரையில் படும் முன் துரை தாங்கிவிடுவார். இடுப்புக் கச்சையில் கைவிட்டு ஒரு வெள்ளிச் சிமிழை எடுப்பார். முறிமருந்தை விரலில் தொட்டு அவள் நாக்கில் தடவுவார். அவர் கண்ணில் நீர், பின்னால் வயலின். இடுப்புக்குப் போகும் அந்தக் கையைத்தான் என் போன் முகப்பில் வைத்திருந்தேன். ஸ்கேன் சென்டரில் கூட்டம் நெரித்து ஆளாளுக்குக் கத்தும்போது அதை ஒரு தரம் பார்த்துக்கொள்வேன். நமக்கென்று ஒருவர் எங்கேயோ மருந்தோடு நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டால் சாயங்காலம் வரை ஓடிவிடும்.

ஐப்பசி 11

நல்லவளாக இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை.

பூமண்டபத்தில் செண்பகம் சாமிக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தாள். சின்ன முகம், பெரிய கண். அமிர்தவல்லியின் பெட்டியிலிருந்து மாம்பழக் கலர் பட்டு ஒன்றை எடுத்துப் போய்க் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நான் என்ன தப்புப் பண்ணுனேன் நாச்சியாரம்மா?"

"தப்பா? ஒண்ணும் இல்லம்மா. சும்மாதான். உனக்கு நல்லா இருக்கும்னு."

"சும்மாவா?" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள்.

சாயங்காலம் சேதி வந்தது. அவள் அம்மா அந்தப் புடவையைக் குச்சியால் தூக்கிக் கொண்டுபோய்க் குளத்தில் அலசி, வேப்பமரத்தில் போட்டிருக்கிறாளாம். ஊரே வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறதாம்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்குன்னு பேசிக்கிறாகம்மா" என்றாள் பொன்னுத்தாயி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

எனக்கு ஆத்திரம் வந்தது. "நீயும் அப்படித்தான் நினைப்ப. அன்னைக்கு நான் கையைத் தூக்கினதும் ஒதுங்கினியே. நல்லா அடிச்சிருக்கேன் இல்ல உன்னை?"

அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "நீங்களா? அடிச்சது எம்புருசந்தானம்மா. அவன் கையிலருந்து பிடுங்கியாந்து என்னய இங்க வச்சதே நீங்கதான? யாரு கையத் தூக்குனாலும் எனக்கு அவன் நெனப்புதான் வரும். இதெல்லாமா மறந்துபோச்சு?"

காய்ச்சல் அடித்ததில் தலை குழம்பிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். அப்புறம் வெகுநேரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வில்லியின் மூக்குதான். முகம் அப்படி ஒன்றும் மோசமில்லை.

ஐப்பசி 13

மேலக்கோட்டையிலிருந்து விவசாயிகள் வந்திருந்தார்கள். மேலக்கோட்டையும் அதன் ஏரியும் என் அப்பா (அமிர்தவல்லியின் அப்பா) உயில் எழுதி எனக்கு வைத்துவிட்டுப் போனவை. அந்த ஏரி நீரில்தான் ஏழெட்டு ஊர் நெல் விளைகிறது. வெள்ளைக்காரன் ஒருவன் சர்க்கரை ஆலை கட்ட வந்திருக்கிறான், ஏரித் தண்ணீர் முழுக்க ஆலைக்கு வேண்டுமாம். துரை சரி என்கிறார். அமிர்தவல்லி மட்டும் முடியாது என்று இரண்டு வருஷமாகப் பிடிவாதம் பிடித்திருக்கிறாள்.

அவள் துரையிடம் கத்தும் காட்சிகள் ஏழோ எட்டோ வரும். நான் பொறாமையில் கத்துகிறாள் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். தண்ணீருக்குக் கத்தியிருக்கிறாள்.

மடையைத் திறக்கச் சொன்னேன். ஒரு பெரியவர் என் காலடி மண்ணை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். பில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவளுக்கு இதெல்லாம் தாங்காது. உள்ளே ஓடிவந்துவிட்டேன்.

ஐப்பசி 18

காரியம் முடிந்தது. உயிர் பிழைத்தேன்.

காலையில் நேரே ராணி அத்தையிடம் போனேன். தறி நூல் போல மெலிந்த உடம்பு, ஆனால் அந்தப் பார்வைக்கு முன் தளபதிகளே தலையைக் குனிகிறார்கள். "அத்தை, நான் அத்தானைக் கட்டிக்கல. அவருக்குப் பிடிச்ச பொண்ணையே கட்டி வைங்க" என்றேன்.

அத்தை பூஜையை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "மனசறிஞ்சுதான் சொல்லுதியா?"

"ஆமா."

"முறையச் சபையில விடணும்டி. சொல்லிட்டுப் பொறவு மாத்தக் கூடாது."

"மாத்த மாட்டேன்."

அத்தை என் தலையில் கை வைத்தார். கார்த்திகை முதல் முகூர்த்தத்தில் நிச்சயம் என்று உடனே ஓலை போய்விட்டது.

மதியம் துரையே என் அறை வாசலுக்கு வந்தார். "ஒம்மேல எனக்கு இருந்த கோவமெல்லாம் போச்சு அமிர்தம்" என்றார். என் கையைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். மனுஷன் எவ்வளவு நல்லவர்.

சாப்பாடு இறங்கவில்லை. அஜீரணம்.

ஐப்பசி 24

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

நிச்சயத்தன்று என்ன உடுத்துவது என்று கேட்டுக்கொண்டே பொன்னுத்தாயி சடங்கைச் சொன்னாள். முறைப்பெண் தன் முறையை விடுகிறாள் என்றால் வாயால் சொன்னால் போதாது. சபை நடுவே வெள்ளித் தட்டில் ஒரே ஒரு வெற்றிலைச் சுருள் வரும். அதை அவள் தன் கையால் எடுத்து மணப்பெண்ணுக்குக் கொடுத்து 'என் முறையை உனக்கு விட்டேன்' என்று சொல்ல வேண்டும். மணப்பெண் அங்கேயே மென்று முழுங்க வேண்டும். அப்போதுதான் நிச்சயம் செல்லும். கொடுக்காமல் தானே வாயில் போட்டுக்கொண்டால் முறையை விடவில்லை என்று அர்த்தம், நிச்சயம் அங்கேயே நின்றுவிடும்.

"அப்படி யாராச்சும் போட்டிருக்காங்களா?"

"எங்காலத்துல இல்லம்மா."

வெள்ளித் தட்டு. வெற்றிலை. இரண்டு பெண்கள், ஒருத்தி சிரித்துக்கொண்டே நீட்டுகிறாள், ஒருத்தி வாங்குகிறாள். அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். பொத்தானை அழுத்திக்கொண்டே பார்த்திருக்கிறேன். அதற்கு அடுத்த படத்தில் செண்பகம் கீழே கிடப்பாள்.

அமிர்தவல்லி பொறாமையில் விஷம் வைக்கவில்லை. அவளும் என்னைப் போலவே, போதும்டா சாமி என்று முறையை விட்டுக் கொடுக்கத்தான் அங்கே போய் நின்றிருக்கிறாள். அந்தச் சிரிப்பு விட்டுக் கொடுத்தவளின் சிரிப்பு. விஷத்தை வேறு யாரோ வைத்திருக்கிறார்கள். நான் தப்பித்து ஓடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவள் நின்ற அதே இடத்துக்கு நானே நடந்து போயிருக்கிறேன்.

ராணி அத்தையிடம் ஓடினேன். வேண்டாம், தள்ளி வையுங்கள் என்றேன். "பதினெட்டுப் பட்டிக்கும் சொல்லியாச்சு. இப்பப் பின்வாங்குனா செத்துப்போன எங்கண்ணன் பேருக்குத்தான் இழுக்கு" என்று திரும்பிக்கொண்டார்.

ஐப்பசி 26

யாராக இருக்கும்?

தாம்பூல அறை ஆட்கள் மூன்று பேர். எல்லாரும் பழைய மனிதர்கள், செண்பகம் மேல் அவர்களுக்கு என்ன பகை? ஆலைக்காரனா? அவனுக்கு அரண்மனைக்குள் நுழைவே கிடையாது. சமையல்கட்டு, காவல்காரர்கள், பூசாரி என்று எல்லாரையும் சந்தேகப்பட்டு முடித்துவிட்டேன்.

பொன்னுத்தாயி எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். கனவில் கண்டதாகச் சொல்லி அந்தக் காட்சியை அவளிடம் விவரித்தேன். துரை இடுப்பிலிருந்து மருந்தை எடுக்கிற இடம் வந்ததும் சீப்பு நின்றுவிட்டது.

"தொரை எதுக்கும்மா இடுப்புல முறிமருந்த வச்சுக்கிட்டு நிச்சயத்துக்கு வரணும்? அவுக என்ன பாம்பாட்டியா?"

"வாயை மூடு" என்று கத்தினேன். அவள் முகத்தை மறைத்துக்கொண்டாள். நான் கையைத் தூக்கவே இல்லை.

அவர் முன்ஜாக்கிரதைக்காரர். அவ்வளவுதான்.

ஐப்பசி 27

ஸ்கேன் சென்டரில் அந்தப் படத்தை நூறு பேருக்காவது காட்டியிருப்பேன். ஒருத்தர்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஐப்பசி 28

செண்பகத்தைப் பார்க்கப் போனேன். பூமண்டபத்தில் அவள் மட்டும் இருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன்: "அன்னைக்கு நான் தர வெத்தலையில யாரோ விஷம் வைக்கப் போறாங்க. வாங்கிக்கோ, வாயில போடாதே."

அவள் பயந்து கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மாலையில் ஒரு பூவைத் தேவையில்லாமல் பிய்த்தாள்.

"நாச்சியாரம்மா, நீங்க எந்தூருக்காவது போயிருங்களேன். நிச்சயம் முடிஞ்சதும். தூரமா."

"நான் ஏன் போகணும்? உன் உயிரைப் பத்திப் பேசிட்டிருக்கேன்."

"எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். "அவுக இருக்காக."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல." பாதி மாலையை எடுத்து வேகவேகமாகக் கட்டத் தொடங்கினாள். கண் மட்டும் நிறைந்து நிறைந்து வழிந்தது.

வெளியே வந்து வெயிலில் நின்றேன். என்ன நினைத்தேன் என்பதை எழுதப் போவதில்லை.

ஐப்பசி 29

கடைசியாக ஒரு வழி. விஷத்துக்குக் காரணமே இல்லாமல் செய்துவிட்டால்?

துரை கார் துடைப்பதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தான், மேலக்கோட்டையை உங்க பேருக்கே எழுதித் தந்துடறேன். ஏரியோட" என்றேன். மேலக்கோட்டைப் பெரியவரின் நெற்றி மண் ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். உயிருக்கு முன்னால் எதுதான் பெரிது.

அவர் சிரித்தார். கன்னத்தில் குழி விழுந்தது.

"ஒங்கப்பா உயில்ல அதுக்கு எடமே வைக்கலையே அமிர்தம். யாருக்கும் எழுதித் தர முடியாது. வக்கீல்ட்ட எப்பவோ கேட்டுட்டேன்."

"வேற வழியே இல்லையா?"

"நீ என்னயக் கட்டுனா வரும். அது இல்லன்னு ஆயிப்போச்சு." துணியை வாங்கி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியை அவரே துடைத்தார். "இல்லாட்டி நீ ஏதாச்சும் குத்தம் பண்ணி, சபை தீர்ப்புச் சொன்னா வரும். நீ என்ன குத்தம் பண்ணப் போற?"

விளையாட்டாகச் சொன்னார். நானும் சிரித்தேன்.

என்னைக் கட்டினால் ஏரி வரும், செண்பகம் வரமாட்டாள். செண்பகத்தைக் கட்டினால் ஏரி வராது. இரண்டும் வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு பச்சைக் குழந்தைகூடக் கணக்குப் போட்டுவிடும். நான் அந்தக் கணக்கைப் போட மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அறைக்கு நடந்து வந்தேன்.

கார்த்திகை 1

மேளச்சத்தம் கேட்கிறது. பொன்னுத்தாயி கொசுவம் வைத்துக்கொண்டிருக்கிறாள், "அசையாம நில்லுங்கம்மா" என்கிறாள். நான் அசையவில்லை, உடம்புதான் அசைகிறது. பல்லாவரத்தில் அம்மா இந்நேரம் இட்லி ஊற்றியிருப்பாள். எனக்குச் சாகப் பிடிக்கவில்லை. இதை எழுதி வைக்கிறேன்.

கார்த்திகை 5

எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. வைத்தியர் எழுதக் கூடாது என்றார். அவருக்கென்ன தெரியும்.

சபை நிறைந்திருந்தது. ராணி அத்தை நடுவில், துரை அவருக்கு வலப்பக்கம், செண்பகம் எனக்கு எதிரே. அவளுக்கு ஏதோ ஒரு ராணியின் பழைய நகைகளைப் பூட்டியிருந்தார்கள். பாரத்தில் கழுத்து குனிந்திருந்தது. தட்டு வந்தது. சுருளை எடுத்தேன். நன்றாக மடித்து கிராம்பு குத்திய, பார்க்க அழகான வெற்றிலைச் சுருள்.

அதை நீட்டினேன். செண்பகம் வலக்கையை நீட்டினாள். அந்தக் கை அப்படி நடுங்கியது. தெரியாத ஒன்றுக்கு எவளும் அப்படி நடுங்கமாட்டாள். இவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் வாயில் போட்டுக்கொள்ளப் போகிறாள், அவர் பிழைக்க வைப்பார் என்று நம்பி.

இனி எனக்கு இரண்டே வழிதான் இருந்தது. கொடுத்தால் நான் குற்றவாளி. கீழே எறிந்தால் காரணம் கேட்பார்கள், விஷம் இருந்தால் தட்டைத் தொட்ட நான்தான் வைத்தேன் என்பார்கள். ஆகவே யோசித்துப் பார்த்து, வேறு நியாயமான வழி இல்லாததால், அதை என் வாயில் போட்டு மென்றேன்.

சபை ஓவென்று இரைந்தது. முறையை விடவில்லை! நாச்சியார் முறையை விடவில்லை! யாரோ பெண்கள் பக்கம் குலவைகூட விட்டார்கள்.

முதலில் இனிப்பு. பிறகு ஒரு கசப்பு, பாகற்காயெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. நாக்கு கட்டையாகிவிட்டது. தூண்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. கால் மடங்கி விழுந்தேன், யாரும் தாங்கவில்லை, தலை நங்கென்று தரையில் பட்டது. விழுந்த இடத்திலிருந்து துரை முழுசாகத் தெரிந்தார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு எட்டு வைத்தால் எட்டிவிடுகிற தூரம்.

அவர் கை அசையாமல் தொங்கியது.

முகத்தில் வெறுப்புகூட இல்லை. மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பவர் போல, அடுத்து என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார். நான் செத்தால் வாரிசில்லாத ஏரி அரண்மனைக்கே வந்துவிடும், காரியம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். எனக்கு மூச்சு திணறிக்கொண்டிருந்தது, அந்த நிலையிலும் அவர் கையைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

பிறகு ஒரு அலறல். "சிமிழு! அவுக இடுப்புல சிமிழு இருக்கு! எடுங்க, குடுங்க, நாச்சியாரம்மா செத்துருவாக!" செண்பகம்தான். துரையின் கச்சையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறினார். அவள் விடவில்லை. நகையெல்லாம் அறுந்து தெறித்தது. வெள்ளிச் சிமிழ் தரையில் உருண்டு வந்தது, பொன்னுத்தாயி பாய்ந்து எடுத்தாள். நாக்கில் யாரோ விரல் வைத்துத் தேய்த்தது தெரிந்தது. கரடுமுரடான, பாத்திரம் தேய்த்துக் காய்த்துப்போன விரல்.

கார்த்திகை 9

என்னை நாற்காலியில் வைத்துச் சபைக்குத் தூக்கிப் போனார்கள்.

ராணி அத்தை மகனிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "விஷம் இருக்குன்னு தெரியாதவன் எதுக்குடா முறிமருந்த மடியில கட்டிட்டு வந்த?" அவர் வாயைத் திறக்கும் முன் செண்பகம் எல்லாவற்றையும் சொன்னாள். கொஞ்சம் மயக்கம் மட்டும் வரும், உடனே மருந்து தருகிறேன் என்றாராம். நாச்சியாரை ஊரை விட்டு அனுப்புவதோடு சரி, உயிருக்கு ஒன்றும் ஆகாது என்றாராம். நம்பியிருக்கிறாள்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே தீர்ப்புச் சொன்னார். செண்பகம் இனி ஊர் எல்லைக்குள் இருக்கக் கூடாது. மகன் விஷயத்தில் மட்டும் என் பக்கம் திரும்பினார். "வெத்தலய நீ மென்னுட்ட. முறை ஒன்னோடது. ஒனக்கு இவன் வேணும்னா ஒம்புருசன், வேண்டாம்னா கருமலைக்கு அனுப்புதேன். நீதான் சொல்லணும்."

துரை என் முன்னால் வந்து மண்டியிட்டார். "இந்த நாடு எனக்கு எதற்கு? நீ நிற்கிற இடம்தான் என் நாடு" என்றார். அந்த வசனம் எனக்குத் தெரியும். பூமண்டபத்தில் செண்பகத்திடம் சொல்வது. அடுத்த வரி என்ன, எந்த இடத்தில் நிறுத்துவார், எப்போது நிமிர்ந்து பார்ப்பார் என்பது வரை தெரியும். அப்படியே நிறுத்தினார், அப்படியே நிமிர்ந்தார். குரல் தணிந்து குழைந்து வந்தது, எனக்காக. என் உடம்பு முழுக்க ஒரு தரம் சிலிர்த்து அடங்கியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. சரி என்று சொல்லிவிடலாம் என்று ஒரு மூச்சு நேரம் நினைத்தேன்.

"முறையை விட்டேன்" என்றேன். "யாருக்குன்னு கேக்காதீங்க அத்தை. விட்டேன், அவ்வளவுதான்."

கார்த்திகை 12

மேலக்கோட்டைக்குப் புறப்பட்டோம். செண்பகத்தை அவள் அம்மா வீட்டுக்குள் சேர்க்கவில்லை. ஊர் எல்லையில் ஒரு துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். வண்டியை நிறுத்தச் சொன்னேன். "ஏறு" என்றேன். பொன்னுத்தாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் நகர்ந்து இடம் விட்டாள்.

பொன்னுத்தாயி தூங்கி வழிய ஆரம்பித்ததும் செண்பகம் மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க எதுக்கும்மா அத வாயில போட்டீக?"

சொன்னேன். கொடுத்தால் என்ன ஆகும், எறிந்தால் என்ன ஆகும், சபை என்ன நினைக்கும், விவசாயிகள் நிலைமை என்ன என்று அடுக்கினேன். எல்லாமே சரியான காரணங்கள்தான். அவள் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டாள்.

"அவுக கை இடுப்புக்குப் போகுதான்னு பாக்கத்தான போட்டீக?" என்றாள்.

ஒரு அந்நியப் பெண், என்னைச் சிறைக்கு அனுப்ப இருந்தவள், என் எதிரே உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்கிறாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அழுகை வந்துவிட்டது, அடக்கவும் தோன்றவில்லை.

செண்பகம் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"நானும் அந்தக் கையத்தாம்மா பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள்.